முன்பின் தெரியாதவங்க வீட்டில் மூணு நாள்

சோலோ ட்ராவல் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "வெளிநாட்டுல யாரோ ஒருத்தர் நம்மள வீட்டுக்குள்ள விட்டு, சாப்பாடும் போட்டு, காசு வாங்க மாட்டார்னா, அவருக்கு அதுல என்ன லாபம்?" இதுக்குப் பதில் பிடிபட்டாதான் மத்ததெல்லாம் புரியும். எப்படிக் கேக்கணும், எத்தனை நாள் தங்கணும், எந்த வீட்டுக்குப் போகவே கூடாது, எல்லாமே.

இது ஆப் காலத்துல பிறந்த ஐடியா இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு நாலு வருஷம்தான் ஆகுது, 1949. டென்மார்க்கில் பாப் லூட்வைலர் என்ற அமெரிக்கரும் அவரோட நண்பர்களும் செர்வாஸை ஆரம்பிச்சாங்க. வேற வேற நாட்டு ஜனங்க ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் தங்கிப் பழகினா, அடுத்த போருக்கு மனசு வராதுன்னு ஒரு நம்பிக்கை. செர்வாஸ் இன்னும் இருக்கு. சேரணும்னா முதல்ல இன்டர்வியூ. ஒரு வீட்டுல வழக்கமா ரெண்டு இரவு.

நமக்குப் பழகின பேர் கவுச்சர்ஃபிங். கேஸி ஃபென்டன்னு ஒரு அமெரிக்க ப்ரோக்ராமர். ஐஸ்லாந்துக்கு சீப்பா டிக்கெட் கிடைச்சுது, தங்க இடமில்லை. ஐஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 1,500 பேருக்கு மெயில் தட்டிவிட்டார். (இன்னைக்குப் பண்ணா ஸ்பாம்னு அக்கவுன்ட்டையே தூக்கிடுவாங்க.) "வாங்க, தங்கிக்கலாம்"னு பதில் குவிஞ்சுது. அந்த ஐடியா 2004-ல வெப்சைட் ஆச்சு. 2006-ல டேட்டாபேஸ் க்ராஷ், பேக்கப் சரியா இல்லை, ஃபென்டனே "இத்தோட முடிஞ்சுது"ன்னு அறிவிச்சிட்டார். பயனர்கள் விடலை, வாலன்டியர்கள் உட்கார்ந்து திரும்பக் கட்டினாங்க. ஆபீஸ்ல பேக்கப்பை டெஸ்ட் பண்ணுங்கடான்னு சொல்றப்போ நான் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவேன். 2011-ல அது லாப நோக்க நிறுவனமா மாறிச்சு. 2020-ல பல நாடுகள்ல சந்தா கட்டாம உள்ளேயே நுழைய முடியாதுன்னு ஆச்சு. கடுப்பான பழைய ஆளுங்க பிவெல்கம், ட்ரஸ்ட்ரூட்ஸ், கவுச்சர்ஸ்னு லாப நோக்கமில்லாத தளங்கள் பக்கம் போனாங்க. சைக்கிள்ல ஊர் சுத்துறவங்களுக்குன்னே வார்ம்ஷவர்ஸ் இருக்கு.

சரி, ஹோஸ்டுக்கு என்ன லாபம்? உங்க சாயங்காலம். அவ்வளவுதான். ஒருத்தருக்கு இங்கிலீஷ் பேசிப் பழகணும். இன்னொருத்தர் ஒரு காலத்துல நாடு நாடா சுத்தினவர், இப்போ கைக்குழந்தையோட வீட்டுல மாட்டிக்கிட்டார், உலகம் தன்னைத் தேடி வரட்டும்னு பாக்கிறார். பிள்ளைங்க வெளியூர் போயிட்டதால ஒரு ரூம் சும்மா கிடக்கிற வயசான தம்பதி இருக்காங்க. யாரா இருந்தாலும், உங்களோட உட்கார்ந்து சாப்பிடணும், பேசணும். அதனால இது இலவசம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க காசுக்குப் பதிலா நேரத்தைக் குடுக்கறீங்க. நாலு நாள் ட்ரிப்ல இருபது இடம் பார்க்கணும், ராத்திரி பதினோரு மணிக்கு வந்து படுத்தா போதும்னா, தயவுசெய்து ஹாஸ்டல் போடுங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. அடுத்தவர் வீட்டை லாட்ஜ் மாதிரி பயன்படுத்துறதுதான் தப்பு.

இது புரிஞ்சா ரெக்வெஸ்ட் எழுதறது ஈஸி. "ஹாய், 12-லேர்ந்து 15 வரைக்கும் உங்க ஊர்ல இருப்பேன், தங்க முடியுமா?" இதையே காப்பி பேஸ்ட் பண்ணி முப்பது பேருக்கு அனுப்பினா முப்பது பேருக்கும் அது தெரியும். சில ஹோஸ்டுங்க தன் ப்ரொஃபைல் நடுவுல ஒரு வார்த்தையை ஒளிச்சு வெச்சு, "ரெக்வெஸ்ட்ல இதை எழுதுங்க"ன்னு போட்டிருப்பாங்க. யார் படிக்கிறாங்க, யார் படிக்கலைன்னு கண்டுபிடிக்க. ப்ரொஃபைலை முழுசா படிங்க. அஞ்சு பேருக்கு எழுதினா போதும். அவங்க சொன்ன ஏதாவது ஒரு விஷயத்தைப் பிடிச்சு ரெண்டு வரி, உங்களைப் பத்தி நாலு வரி, எந்த ராத்திரி கண்டிப்பா வீட்டுல இருப்பீங்கன்னு ஒரு வரி.

எத்தனை நாள்? "விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு"ன்னு நம்ம ஊர்லயே சொல்லி வெச்சுட்டாங்க. ரெண்டு ராத்திரி கேளுங்க. அவங்களா இன்னும் ஒரு நாள் இருன்னு சொன்னா மட்டும் மூணு.

இப்போ பாதுகாப்பு. பெண்கள் முக்கியமா கேளுங்க, பசங்களும் கேளுங்க. ரெஃபரன்ஸ் எத்தனைன்னு எண்ணாதீங்க, யார் எழுதினாங்கன்னு பாருங்க. ஒரு வீட்டுல தங்கிட்டு வந்தவங்க கெட்டதா எழுதத் தயங்குவாங்க, பதிலுக்கு அவரும் எழுதிடுவாரோன்னு. அதனால "அருமை, அற்புதம்" எல்லாம் தாண்டி, சுரத்தே இல்லாம ரெண்டு வரியில முடிச்சிருக்கிற ரெஃபரன்ஸைத் தேடிப் படிங்க. அங்கதான் விஷயம் இருக்கும். ஒரு ஆண் ஹோஸ்ட் வீட்டுல தங்கினது எல்லாரும் இருபத்தஞ்சு வயசுப் பெண்கள்தான்னா, ஒரு பையன்கூட இல்லைன்னா, அந்தப் பக்கத்தை மூடிட்டுப் போயிடுங்க. தனி ரூமா, ஹாலா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. அதுக்குக் கோச்சுக்கிற ஹோஸ்ட் உங்களுக்கு வேண்டாம்.

நான் எல்லாருக்கும் சொல்ற ஒரே ரூல்: முதல் ரெண்டு ராத்திரி ஹாஸ்டல்ல இருங்க. விமான நிலையத்துலேர்ந்து நேரா யார் வீட்டுக்கும் போகாதீங்க. தூங்கி எழுந்து, லோக்கல் சிம் வாங்கி, ஹோஸ்டை ஒரு கஃபேல பாருங்க. பிடிச்சா மட்டும் அடுத்த நாள் பையைத் தூக்கிட்டுப் போங்க. இமிக்ரேஷன்ல "எங்கே தங்குறீங்க"ன்னு கேட்டா காட்ட ஒரு புக்கிங்கும் கையில இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கேள்வி வரும். வீட்டுக்குப் போன பிறகும், ஒரு ராத்திரி ஹாஸ்டலுக்கான காசு எப்பவும் தனியா இருக்கணும். ஏதோ சரியில்லைன்னு மனசுல பட்டா கிளம்பிடுங்க. சாப்பாடு போட்டவங்க மூஞ்சியை எப்படி முறிச்சுக்கறதுன்னு யோசிச்சு உட்கார்ந்திருக்கிறது நம்ம வளர்ப்பு. காரணம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. வீட்டுல அவசரம்னு சொல்லிட்டு நடங்க.

இன்னொண்ணு, அந்த ஊர்ச் சட்டம். இத்தாலியில ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேருந்து வந்த விருந்தாளியை 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல தெரிவிக்கணும். வியட்நாமிலும் உங்க தங்கலை ஹோஸ்ட் பதிவு பண்ணணும். பாஸ்போர்ட் காப்பி கேட்டா பதறாதீங்க, எதுக்குன்னு கேட்டுட்டுக் குடுங்க.

நட்பு எப்படி வருது? அதுக்கு ஜார்ஜியாவை எடுத்துக்கறேன். அமெரிக்க மாநிலம் இல்லை, ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் நடுவுல இருக்கிற நாடு. விருந்தாளி கடவுள்கிட்டேர்ந்து வந்தவர்னு அவங்க மொழியில ஒரு சொலவடையே இருக்கு. நான் திபிலிசியில தங்கின வீடு சோவியத் காலத்து அபார்ட்மென்ட். லிஃப்ட்ல மேல போகணும்னா காசு போடணும், நிஜமா, சில்லறையை ஒரு டப்பாவுல போட்டாதான் நகரும்.

அங்க விருந்துக்குப் பேர் சுப்ரா. அதை நடத்துறவர் தமாதா. சும்மா கிளாஸைத் தூக்கி மடக் மடக்னு குடிக்கிற வேலையெல்லாம் இல்லை. தமாதா ஒவ்வொரு டோஸ்ட்டா சொல்வார், சமாதானத்துக்கு, பெத்தவங்களுக்கு, விருந்தாளிக்குன்னு. ஒவ்வொண்ணும் குட்டிச் சொற்பொழிவு. அதுக்கப்புறம்தான் குடிக்கணும். குடிக்க மாட்டேன்னா முதல்லயே தெளிவா சொல்லிட்டு லெமனேடைத் தூக்குங்க. வெஜிடேரியன்னா ஒரு வார்த்தை போதும்: சமார்க்வோ. ஆர்த்தடாக்ஸ் நோன்புச் சாப்பாடு, கறி முட்டை பால் எதுவும் கிடையாது. லோபியோன்னு ஒரு பீன்ஸ் குழம்பு, வால்நட் அரைச்சுச் சேர்த்த ப்காலி, ரெண்டும் கிடைச்சா நம்ம ஆளு பிழைச்சுக்குவான்.

அந்த டோஸ்ட்கள்ல ஒண்ணு இறந்தவங்களுக்கு. என் ஹோஸ்டோட அப்பாதான் அன்னைக்கு தமாதா. என்னைப் பார்த்து, உன் வீட்டுல யாருன்னு கேட்டார். நான் எங்க பாட்டியைப் பத்திச் சொன்னேன். ரேஷன் கடை க்யூவுல நின்னு என்னைப் படிக்க வெச்சவங்க, நான் வேலைக்குச் சேர்ந்த மாசம் போயிட்டாங்க. ஹோஸ்ட் வரி வரியா மொழிபெயர்த்தான். அவங்க அம்மா எழுந்து உள்ள போய், தன் அம்மாவோட போட்டோவைக் கொண்டுவந்து மேஜையில வெச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசலை. இப்போ அந்தம்மா பண்டிகைக்குப் பண்டிகை எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பறாங்க, ஜார்ஜியன்ல, எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் தமிழ்ல பதில் சொல்றேன்.

அதனால போறப்போ பேச ஏதாவது எடுத்துட்டுப் போங்க. வீட்டு போட்டோ, ஒரு சமையல், ஒரு கதை. சாம்பார் பொடி எடுத்துப் போய் ஒரு ராத்திரி நீங்க சமைங்க. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டாம், வெளியேருந்து பால் பொருள் கொண்டுவர அங்க அனுமதி இல்லை.

புது ப்ரொஃபைல்ல ரெஃபரன்ஸே இல்லையே, யார் கூப்பிடுவாங்கன்னு கேக்கறீங்களா? சென்னை, கோவை, பெங்களூருக்கு வர்ற பயணிகளை முதல்ல நீங்க சந்திங்க. ஒரு நாள் மைலாப்பூர் சுத்திக் காட்டினா அதுவே ஒரு ரெஃபரன்ஸ். வீட்டுலயே தங்க வெக்கிறதா இருந்தா, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள்ள அவர் விவரத்தை ஆன்லைன்ல தாக்கல் பண்ணணும். ஹோட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் அதே விதிதான். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கணும். அது எப்படின்னு தனி எபிசோடே போடலாம்.