மழையில் மானைக் குறிபார்த்தல்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வரும் ஈரக்காற்று முதன்முதலாக உயர்ந்த நிலத்தில் மோதி மேலெழும்புகிற காரணத்தால், ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும் இடங்கள் பல இருக்கின்றன. டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் அங்கே பகற்பொழுது 7 மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சொற்பப் பகலிலும் மேகமும் தூறலும் வடிகட்டிய மங்கல் வெளிச்சமே மலைச்சரிவில் விழுகிறது. அந்த வெளிச்சத்தில், நனைந்து கருத்த புதர்களுக்கிடையே, தானும் நனைந்து கருத்து நிற்கும் ஒரு பெண்மானை நூறு நூற்றைம்பது மீட்டர் தூரத்திலிருந்து நிச்சயமாக இனங்காண்பது எளிய காரியமன்று.

மான் வேட்டை என்றதும் நம்மவர் மனம் சுருங்குவது இயல்பே. ஆயினும் அந்த மலைகளின் நிலைமை வேறு. ஓநாயும் லிங்ஸ் என்னும் காட்டுப்பூனையும் நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதரால் பூண்டோடு அழிக்கப்பட்டுவிட்டமையால், வளர்ந்த மானைக் கொன்று தின்று அதன் தொகையை அடக்கிவைக்கக்கூடிய மிருகம் இன்று அங்கே ஒன்றுமில்லை. செம்மான், ரோ, சிகா, ஃபாலோ ஆகிய நால்வகை மான்களும் சேர்ந்து ஏறத்தாழ 10 லட்சம் வரை இருக்கலாமென்று மதிப்பிடப்படுகிறது. முளைவிடும் பைன் கன்றும் பிர்ச் கன்றும் தலைதூக்குமுன்னே அவற்றின் வாய்க்கு இரையாகிவிடுகின்றன. கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடரைச் சேர்ந்த கிளென் ஃபெஷி பள்ளத்தாக்கில் மான்களின் தொகையைப் பெரிதும் குறைத்த பிறகு, பழைய பைன் மரங்களைச் சுற்றி இளங்கன்றுகள் மீண்டும் அடர்ந்து எழும்பியிருப்பதைப் பார்ப்பவர் எவரும், அந்தக் குறைப்பு அவசியமே என்ற முடிவுக்குத்தான் வருவார். அவசியம் என்று ஒப்புக்கொண்டால், அதைத் துன்பமின்றிச் செய்யவேண்டும் என்ற கடமையும் கூடவே வந்துசேருகிறது. ஒரே குண்டில் பிராணன் பிரிய வேண்டும் என்பதே அத்தொழிலின் தர்மம்.

ஸ்டாக்கர் என்று அவ்வூரார் அழைக்கும் தொழில்முறை வேட்டையாளர், மடக்கி நீட்டும் பித்தளைத் தொலைநோக்கியால் மலை முழுவதையும் துழாவி மானைக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர். 1900ஆம் ஆண்டில் போயர் யுத்தத்துக்காக லோவட் பிரபு திரட்டிய சாரணர் படைக்கு ஆட்கள் இந்தத் திறமையுள்ளவர்களிடையேதான் தேடப்பட்டார்கள். இன்று அந்த ஸ்டாக்கருடைய வாரிசின் துப்பாக்கிமேல், குறிபார்க்க உதவும் டிஜிட்டல் ஸ்கோப் ஏறியிருக்கிறது. இரவுநோக்கி, வெப்பநோக்கி முதலிய விசேஷ ஸ்கோப்புகளை மான்மேல் பயன்படுத்தக்கூடாதென்று அங்கே நெடுங்காலம் இருந்த தடை 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இரவில் சுடுவதற்கு மட்டும் இன்றும் தனி அனுமதி வேண்டும்.

கண்ணாடி ஸ்கோப்பில் மானிடமிருந்து புறப்பட்ட ஒளியே லென்சுகளைக் கடந்து நேராக நம் கண்ணுக்குள் புகுகிறது. டிஜிட்டல் ஸ்கோப்பிலோ அந்த ஒளி, முன்லென்சுக்குப் பின்னாலுள்ள சிலிக்கன் சென்சாரிலேயே நின்றுவிடுகிறது. அங்கே அது மின்னூட்டமாகி, எண்ணாகி, ஒரு நுண்கணினியால் திருத்தப்பட்டு, கண்ணருகேயுள்ள சிறு திரையில் மறுபடியும் ஒளியாகப் பிறக்கிறது. நாம் காண்பது மானைப் பற்றி அந்த யந்திரம் தயாரித்துத் தரும் அறிக்கையையே. கண்ணுக்குப் புலப்படாத 1100 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கிரணங்களையும் சிலிக்கன் உணரும் என்பதாலும், மங்கலான சமிக்ஞையைப் பெருக்கிக்காட்ட முடியும் என்பதாலும், அந்திநேரத்தில் கண் தோற்றுப்போன பிறகும் இந்தச் சாதனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

மழை வந்தால் என்ன ஆகிறது? மானுக்கு மோப்ப சக்தி மிகக் கூர்மை. ஆகையால் காற்று தன் முகத்தில் அடிக்கும்படியாகவே வேட்டையாளர் ஊர்ந்து முன்னேற வேண்டும். காற்று முகத்தில் அடித்தால் மழையும் முகத்தில்தான் அடிக்கும். அதாவது ஸ்கோப்பின் முன்லென்சின்மேல் நேராக விழும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்சில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளி ஒட்டிக்கொண்டால், அது மறைக்கும் பரப்பு ஏறத்தாழ 280இல் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய மறைப்பு பெரிய நஷ்டமன்று என்று தோன்றும். ஆனால் துளி வெறும் மறைப்பு மட்டுமன்று, தானே ஒரு குட்டி லென்சாகவும் வேலை செய்கிறது. மேலேயிருக்கும் வெளுத்த வானத்தின் ஒளியை வளைத்துக் குழலுக்குள் அனுப்பி, சென்சார் முழுவதன்மேலும் ஒரு மெல்லிய வெண்திரையைப் படரவிடுகிறது. பத்துப்பன்னிரண்டு துளிகள் சேர்ந்தால் மானின் கருமைக்கும் புதரின் கருமைக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசம் கரைந்துபோகிறது. கண்ணாடி ஸ்கோப்பில் இது நேர்ந்தால் காட்சி மங்கியிருப்பது உடனே நமக்குத் தெரியும். டிஜிட்டல் ஸ்கோப்பிலுள்ள கணினியோ, மங்கலை உணர்ந்து கருமையையும் வெண்மையையும் தானாக இழுத்துப் பிரித்து, தெளிந்தாற்போன்ற ஒரு படத்தைத் தந்துவிடுகிறது. லென்சிலே தொலைந்த நுட்பத்தை அதனால் மீட்க இயலாது. தொலைந்தது என்ற எச்சரிக்கையை மட்டும் அது அழித்துவிடுகிறது.

இதே சங்கடம் விழுகின்ற மழையிலும் உண்டு. பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. சென்சார் ஒரு படத்துக்கு விநாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அந்தத் துளி 18 சென்டிமீட்டர் நகர்ந்து ஒரு வெண்கோடாகிவிடும். பல சாதனங்கள் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறிக்கொண்டேயிருப்பதை இரைச்சலென்று கருதிச் சராசரியில் கரைத்துவிடுகின்றன. மழைக்கோடுகள் மறைந்து படம் சுத்தமாகிறது. காற்றில் ஆடும் ஒரு காய்ந்த புல்தண்டோ, மானின் தோளுக்குக் குறுக்கே நடுங்கும் ஒரு சுள்ளியோ அவ்வாறே கரைந்துவிடக்கூடும் என்பதை மறக்கலாகாது; குண்டின் பாதையைத் திருப்பிவிட அத்தகைய ஒரு சுள்ளி போதும்.

இருட்டுக்கு உதவியாக அமைந்த அகச்சிவப்பு விளக்கு மழையில் பயன்படுவதே அபூர்வம். எதிரே பனிமூட்டத்தில் காரின் பெரிய விளக்கைப் போட்ட ஓட்டுநருக்கு நேரும் கதியே இங்கும் நேர்கிறது: அருகிலுள்ள துளிகள் ஒளியைத் திருப்பியடித்து, தூரத்திலுள்ள மானை விழுங்கிவிடுகின்றன. அகச்சிவப்பு மூடுபனியை ஊடுருவும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது; அது மெல்லிய புகைமூட்டத்துக்கே பொருந்தும். மூடுபனியின் துளி இந்தக் கிரணங்களின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது, ஆகையால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதுபோலவே இதையும் சிதறடிக்கிறது. ஸ்கோப்போடு இணைந்த லேசர் தூரமானியும் இவ்வாறே ஏமாறும். 150 மீட்டர் தூரத்து மானுக்குப் பதிலாக அருகிலுள்ள மழைத்தாரையின் தூரத்தை அளந்து, அதை நம்பிக் குறிப்புள்ளியையும் தானாக இடம்மாற்றிவிடும். அடர்ந்த மழையில் அந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

வெப்பநோக்கி இந்தக் குறைகளுக்கு மாற்றென்று எண்ணுவோருக்கு ஒரு விஷயம்: அது உணரும் நீண்ட அலைகளைத் தண்ணீர் மிகத் தீவிரமாக உறிஞ்சிக்கொள்கிறது. லென்சின்மேல் ஒரு தலைமயிரின் கனங்கூட இல்லாத நீர்ப்படலம் இருந்தாலே அந்த அலைகளில் பெரும்பகுதி உள்ளே வாராது. அன்றியும், நாள்பட்ட மழையில் பாறை, மண், புல், மானின் நனைந்த மேல்மயிர் எல்லாம் ஏறத்தாழ ஒரே உஷ்ணத்துக்கு வந்துவிடுவதால், வேறுபாட்டையே ஆதாரமாகக் கொண்ட அந்தச் சாதனத்துக்குக் காட்டுவதற்கு அதிகம் இருப்பதில்லை.

நீர்புகாத தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபி 67 என்ற முத்திரை, 1 மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்து தாங்கியதைக் குறிக்கிறது. நாள்முழுதும் மழையில் குளிர்ந்து, மாலையில் வண்டிக்குள் சூடாகி, மறுநாள் மீண்டும் குளிர்வதால் ரப்பர் அடைப்புகளுக்கு வரும் சோதனை வேறு. குளிரில் லித்தியம் மின்கலத்தின் சக்தியும் குறைகிறது. மின்கலம் தீர்ந்தால் திரை இருண்டுவிடும். ஆகவே மாற்று மின்கலத்தை உட்சட்டைப் பையில், உடற்சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்பக்கத்து ரப்பர் குவளைக்குள் மூச்சின் ஈரம் படிவதைத் தடுக்க, உலர்ந்த துணி ஒன்றும் அவசியம். குண்டு வெளியேறும் குழல்வாயில் மழைநீர் புகாதிருக்க வேட்டையாளர்கள் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிக்கொள்கிறார்கள்; குண்டுக்கு முன்னே தள்ளப்படும் காற்றே அதைப் பிய்த்தெறிந்துவிடும்.

மழைநாளில் தவறிய குண்டுக்கு மற்ற நாட்களைவிடக் கொடிய விளைவு உண்டு. காயப்பட்டு ஓடும் மானைப் பின்தொடர உதவும் ரத்தத்தடத்தைச் சில நிமிஷங்களில் மழை கழுவிவிடுகிறது. அந்த ஜீவன் எங்கோ ஒரு நீரோடைப் பள்ளத்தில் இரவெல்லாம் துடித்துக் கிடக்க நேரலாம். இந்த இடத்தில்தான் டிஜிட்டல் ஸ்கோப் தன் மிகப் பெரிய சேவையைச் செய்கிறதென்று நான் கருதுகிறேன். சுடும்போது ஏற்படும் உதைப்பை உணர்ந்து, அதற்கு முந்திய சில விநாடிகளையும் சேர்த்து ஒளிப்பதிவு செய்துவைக்கும் வசதி பல சாதனங்களில் இருக்கிறது. சுட்டவர் பதற்றமின்றி அமர்ந்து அதை மறுபடி ஓட்டிப் பார்த்தால், குண்டு பட்ட கணத்தில் மான் துள்ளியதா, முதுகை வளைத்ததா, எந்தப் புதருக்குப் பக்கத்தில் கடைசியாகத் தெரிந்தது என்பவை விளங்கும். மோப்பநாயை எங்கிருந்து தொடங்கிவிடுவது என்பதும் தெரியும்.

சுடுவதற்கு முன் பார்க்கவேண்டியது மானை மட்டுமன்று. அதன் பின்னே குண்டை ஏற்று அடக்கிக்கொள்ளும் மண்சரிவையும் பார்க்க வேண்டும். மூடுபனி அதை மறைத்திருக்குமாயின், திரையில் மான் எத்தனை அழகாகத் தெரிந்தாலும் விசையைத் தொடக்கூடாது. பெண் செம்மான்களைச் சுடுவதற்கான பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் நீள்கிறது. இன்று விட்ட மானை வேறொரு நாளில் தேடிப்போகப் போதிய அவகாசம் உண்டு.