ஒரு வெந்தயம் கூடினால்

சுற்றுச்சூழல் திட்டங்களுக்குக் கடன் திரட்டும் பசுமைப் பத்திரத்தைப் பிளாக்செயினில் வெளியிட்டால் ஏழை நாட்டுச் சிற்றூர்களுக்கும் வடிகால் கட்டப் பணம் வந்துவிடுமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். பாதி உண்மை. அந்தப் பாதி அழகானது.

இந்தூர் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் பொதுமக்களிடம் பசுமைப் பத்திரம் விற்று 244 கோடி ரூபாய் திரட்டியது. நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் பம்புகளின் மின்கட்டணச் சுமையைக் குறைக்க, கார்கோன் மாவட்டத்தில் 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பது அப்போதைய திட்டம். பிளாக்செயின் இல்லாமலே மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். ஆனால் நிலையம் சொன்ன அளவு மின்சாரம் தருகிறதா, மீட்டர் கணக்கைப் பிறகு யாரும் திருத்தவில்லையா என்ற ஐயம் பணம் போட்டவருக்கு வரத்தானே செய்யும்?

அங்கேதான் ஹேஷ் என்ற கணக்கு முறை உதவுகிறது. எவ்வளவு போட்டு அரைத்தாலும் ஒரே ஒரு கரண்டி மாவு தரும் கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அரிசி, அதே உளுந்து என்றால் மாவும் இம்மி பிசகாமல் அதேதான். ஒரு வெந்தயம் கூடினால் நிறம், மணம், புளிப்பு எல்லாமே வேறு. மாவைப் பார்த்து அரிசியை மீட்கவும் முடியாது. எஸ்எச்ஏ-256 என்ற கிரைண்டரில் எதை அரைத்தாலும் கிடைப்பது 64 எழுத்துகள். இனி, செவ்வாய்க்கிழமை அரைக்கும்போது திங்கள் மாவையும் சேர்க்கிறோம். புதனன்று செவ்வாயின் மாவு. திங்கட்கிழமை மீட்டர் கணக்கில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றிப் பாருங்கள், இன்றுவரை அரைத்த அத்தனை மாவும் மாறிவிடும்! போதாததற்குத் தெருவில் பத்து வீட்டில் அதே மாவு இருக்கிறது. ஒரு வீட்டுப் பானை மட்டும் வேறு மணம் வீசினால் தப்ப முடியாது. இப்படிக் கோத்த சங்கிலியின் நகலைப் பலரிடம் வைப்பதுதான் பிளாக்செயின்.

ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-லேயே ஆவணங்களை இப்படிக் கோத்துக் காட்டிவிட்டார்கள். 1995 முதல் நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் அந்த ஹேஷ் வாராவாரம் அச்சானது. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் ஹாங்காங் மையம் 2021-இல் ‘ஜெனிசிஸ்’ என்ற முன்மாதிரியில் இந்த முறையைப் பசுமைப் பத்திரத்தோடு இணைத்தது. அதில் முதலீட்டாளர் கைபேசியிலேயே உற்பத்திக் கணக்கைப் பார்க்க வழி இருந்தது.

ஆனால் கிரைண்டருக்கு அரிசியின் தரம் தெரியாது. மீட்டர் தப்பாக ஓடினால் அந்தத் தப்பும் அழியாமல் பதிவாகும். இன்னொன்று, வளரும் நாடுகளின் 500 பெரிய நகரங்களில், உள்ளூர்ச் சந்தையிலேயே கடன் வாங்கும் தகுதியுள்ளவை சுமார் 20 விழுக்காடுதான் என்பது உலக வங்கியின் பழைய கணக்கு. பெரிய நகரங்களுக்கே இந்த நிலை. தண்ணீர் வரியை ஒழுங்காக வசூலிக்காத ஊருக்கு எந்த ஹேஷும் கடன் வாங்கித் தராது. பத்திரம் வாங்கும் முன் நான் அந்த வசூல் கணக்கைத்தான் பார்ப்பேன். அடுத்து, மீட்டரைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்று கேட்பேன்.