அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர்... தம்பிக்கு?

ஏப்ரல், மே வந்தாலே சில வீடுகளில் ஒரே பேச்சுதான். 'ஆர்டர் வந்துடுச்சா?' பேங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ், போலீஸ்... எந்த வேலையா இருந்தாலும் கதை ஒண்ணுதான். நீங்க காலேஜ் ஹாஸ்டலில் இருக்கீங்க, தப்பிச்சீங்க. ஆனா, வீட்டில் எட்டாவது முடிச்ச தம்பியோ தங்கச்சியோ இருந்தா? எல்லாரும் மூட்டை கட்டறதா, அப்பா மட்டும் கிளம்பறதா? ராத்திரி பத்து மணிக்கு அம்மாகிட்டேர்ந்து உங்களுக்குத்தான் போன் வரும். ''காலேஜ் படிக்கிற புள்ள, நீயே ஒரு வழி சொல்லுப்பா!''

'உங்க இஷ்டம்மா' என்று நழுவாதீங்க ப்ரெண்ட்ஸ். பத்தாவது, ப்ளஸ் டூ, கவுன்சலிங் என்று அந்த ரோட்டை சமீபத்தில் தாண்டி வந்த ஒரே ஆள் வீட்டில் நீங்கதான். பேசறதுக்கு முன்னாடி சில விஷயங்களைத் தெரிஞ்சுக்குங்க.

எட்டாவதுல என்ன விசேஷம்?

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் குடை பிடிக்கும். அதுவரை டி.சி. வர லேட்டாச்சு என்ற ஒரே காரணத்துக்காக அட்மிஷன் இல்லேன்னு ஒரு ஸ்கூல் சொல்ல முடியாது. அந்தச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவிகித இடத்தில் இலவசமாகப் படிக்கிற பிள்ளைக்கும் எட்டாவதோடு அந்தச் சலுகை முடிஞ்சுடும். ஒன்பதாவதில் கால் வெச்சா எல்லாமே புதுக் கணக்கு.

அடுத்தது சி.பி.எஸ்.இ. அங்கே ஒன்பதாவதிலேயே மாணவர் பெயரை போர்டில் பதிவு பண்ணிடுவாங்க. சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாவது படிச்சவங்களுக்குத்தான் பொதுவா பத்தாவதில் இடம். பெற்றோருக்கு மாற்றல் என்றால் விதிவிலக்கு உண்டு. ஆனா, அதுக்கு போர்டு அனுமதி வாங்கணும், பேப்பர் பேப்பரா அலையணும். ஆக, மாறறதா இருந்தா ஒன்பதாவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாறணும். இல்லே, பத்தாவது பரீட்சை முடியட்டும். நடுவில் தாவினால் சிக்கல்தான்.

மத்திய அரசு ஊழியர் வீடு என்றால் கொஞ்சம் நிம்மதி. ஊர் ஊரா மாறுகிறவர்களின் பிள்ளைகளுக்காகவே 1963-ல் தொடங்கினதுதான் கேந்திரிய வித்யாலயா. ஊர் மாறினாலும் புத்தகம் மாறாது.

வீட்டுத் தமிழ் வேற, பரீட்சைத் தமிழ் வேற!

பெங்களூரில் வளர்ந்த பிள்ளை சென்னைக்கு வருது என்று வெச்சுக்குவோம். வீட்டில் தமிழ் சரளமா பேசும். ஆனா ஸ்கூலில் படிச்சது கன்னடமோ இந்தியோ. இங்கே 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒண்ணாம் வகுப்பிலிருந்து படிப்படியா பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயமாச்சு. செய்யுளும் புணர்ச்சியும் ஒன்பதாவதில் திடீர்னு எதிரே வந்து நின்னா, பாவம், என்ன செய்யும்? இங்கேயிருந்து அங்கே போற பிள்ளைக்கும் இதே கதைதான். கர்நாடகம் 2015-ல் தனியா ஒரு கன்னட மொழி கற்றல் சட்டம் போட்டிருக்கு. எனவே, 'புது ஸ்கூலில் என்னென்ன மொழி?' என்பதுதான் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஃபீஸ் எல்லாம் அப்புறம்.

சீட்டுக் கணக்கு

இதைத்தான் பல வீடுகளில் யோசிக்கிறதே இல்லை. தமிழ்நாட்டில் எட்டாவது முதல் ப்ளஸ் டூ வரை படிச்சவங்களுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் தேவையில்லை. நடுவில் வெளி மாநிலம் போயிட்டு வந்தா, அதுக்கு அலைஞ்சு வாங்கி வைக்கணும். கர்நாடகத்தில் வழக்கமான வழியில் சீட் கேட்கணும் என்றால் ஒண்ணாவது முதல் ப்ளஸ் டூ வரைக்குள் ஏழு வருஷமாவது அந்த மாநிலத்தில் படிச்சிருக்கணும். ஒன்பதாவதில் போய்ச் சேர்ந்தால் ப்ளஸ் டூ முடிக்கும்போது கையில் நாலு வருஷம்தான் இருக்கும்!

அரசுப் பள்ளியில் படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா டபுள் கவனம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினாங்க. பொது விதி, ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும் என்பது. 2022-ல் தொடங்கின புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் தரவும் அதே மாதிரி கணக்குதான் வெச்சாங்க. 'டவுனுக்குத்தான் போறோமே, ஒரு நல்ல இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுடலாம்' என்று அப்பா ஆசையா சொல்லுவார். அந்த ஆசைக்கு விலை ஒரு மெடிக்கல் சீட்டாகக்கூட இருக்கலாம். புது ஊரிலும் அரசுப் பள்ளியிலேயே சேர்த்தால் அந்தக் கவலை இல்லை.

அப்பா மட்டும் போனா..?

ரெண்டு வாடகை, ரெண்டு சமையல், சனிக்கிழமை ராத்திரி பஸ். கேஸ் தீர்ந்ததிலேர்ந்து பாட்டிக்குக் காய்ச்சல் வரைக்கும் அம்மா ஒருத்தியே பார்க்கணும். பதினாலு வயசுப் பையனுக்கு, அப்பா என்றால் மார்க் கேட்கிற போன் குரல் என்று ஆயிடும். அதே சமயம், ஒரு வருஷத்தில் திரும்பிடுவார் என்று உறுதியா தெரிஞ்சா, ஒரு வருஷத்துக்காகப் பிள்ளையை வேரோடு பிடுங்கவும் வேண்டாம்.

ஆக, கணக்கு இதுதான். எட்டாவது முடிஞ்சிருக்கு, போஸ்டிங் மூணு வருஷத்துக்குக் குறையாது, மொழியும் சீட்டும் இடிக்கலைன்னா, எல்லாரும் சேர்ந்தே கிளம்புங்க. ஒன்பதாவதோ ப்ளஸ் ஒன்னோ முடிஞ்சிருந்தால், ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திடறது மேல்.

பெரிய மனுஷன்கிட்ட கேட்டீங்களா?

இவ்வளவு பேசியும், போகப்போற ஆளை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்பா கேட்டா 'சரிப்பா'ன்னுதான் வரும். நீங்க கேட்டா நிஜம் வரும். கிரிக்கெட் டீம், பக்கத்து பெஞ்ச் தோஸ்த், டியூஷன் முடிஞ்சு சேர்ந்து சாப்பிடற பானிபூரி... நமக்கு அற்பம், அவனுக்கு அதுதான் உலகம். 'புது பசங்க கிடைப்பாங்கடா' என்று ஒரே வரியில் மூடாதீங்க. பொறுமையா காது கொடுங்க.

ஆனா, 'நீயே முடிவு பண்ணு' என்று அவன் தலையில் கட்டவும் கூடாது. நாளைக்கு ஏதாவது தப்பாப் போனா, தன்னாலதான் என்று அந்தச் சின்ன மனசு வதைபடும். கருத்து அவனுது, முடிவு பெரியவங்களுது.

போறதுன்னு முடிவாச்சுன்னா, மே மாசமே ஒரு நாள் அவனைக் கூட்டிக்கிட்டுப் போய் அந்த ஊரைச் சுத்திக் காட்டுங்க. ஸ்கூல் கேட், பஸ் ஸ்டாப், கிரவுண்ட் மூணையும் பார்த்துட்டாலே பாதி பயம் போயிடும். ஜூன் முழுக்க தினமும் ஒரு போன், அதுவும் மார்க்கைப் பத்தி மூச்சு விடாம! முக்கியமா, காலாண்டுப் பரீட்சையில் ரேங்க் இறங்கினா திட்டாதீங்க என்று அப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க.