மலிவா வாங்கி மாட்டிக்கிட்டாங்க!
அரசு ஆபீஸ் மின்விசிறி சொல்லும் கணக்கு

ஏதோ ஒரு வேலையாக அரசு அலுவலகத்துக்குப் போகிறீர்கள். "சார் இப்ப வந்துடுவார், உட்காருங்க" என்கிறார்கள். உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே பழைய மின்விசிறி. கடகடவென்று சத்தம் வருகிறது. காற்றைத்தான் காணோம்!

அது தின்னும் கரண்டுக்குக் காசு கொடுப்பது யார்? நீங்கள்தான். எல்லாம் வரிப்பணம்!

இரண்டு மின்விசிறி

சாதாரண பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் மின்விசிறிக்கு சுமார் 30 வாட் போதும். காற்றில் குறைவு இல்லை.

தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் ஓடினால் 2,000 மணி நேரம். பழையது 150 யூனிட் எடுக்கும். புதியது 60 யூனிட்தான். மிச்சம் 90 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 720 ரூபாய்.

புதியது 1,500 ரூபாய் கூட விலை என்றாலும் இரண்டு வருடம் சொச்சத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அதன் பிறகு எல்லாம் லாபம்.

200 மின்விசிறி ஓடும் அலுவலகத்தில் வருடத்துக்கு 18,000 யூனிட் மிச்சமாகும். நிலக்கரியை எரித்துத்தான் பெரும்பகுதி மின்சாரம் வருகிறது. அந்த 18,000 யூனிட் மிச்சமானால் 12 டன்னுக்கு மேல் கரியமில வாயு குறையும்.

பிறகு ஏன் வாங்குவதில்லை?

"டெண்டரில் யார் விலை குறைவோ அவருக்கே ஆர்டர்" என்பது அரசு வழக்கம். கூட விலை கொடுத்தால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார். "எதுக்கு சார் வம்பு?" என்று குமாஸ்தா மலிவான சரக்குக்கே பைல் போடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பல இடங்களில் பொருள் வாங்குவது ஒரு பிரிவு. கரண்ட் பில் கட்டுவது இன்னொரு பிரிவு!

உத்தரவு இருக்குது!

ஆனால் 2013-ம் ஆண்டிலேயே மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை இதற்கு வழி சொல்லிவிட்டது. மத்திய அரசு அலுவலகங்கள் மின்விசிறி வாங்கினால் 5 ஸ்டார். பிரிட்ஜ் வாங்கினால் குறைந்தது 4 ஸ்டார். ஏ.சி.க்கும் 5 ஸ்டார்தான். ஆனால் வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்குள் ஓடும் ஏ.சி.க்கு 3 ஸ்டார் போதும். கண்ணை மூடிக்கொண்டு விலை கூடியதை வாங்கு என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்து வாங்கு என்றுதான் சொன்னது. 2017-ல் வந்த பொது நிதி விதிகளிலும் ஸ்டார் நிபந்தனை இடம்பெற்றது.

டெண்டர் கேட்கும்போதே "இத்தனை ஸ்டார் வேண்டும்" என்று எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஸ்டார் உள்ள சரக்கில் யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர். தணிக்கைக்கும் பயம் இல்லை; விதியே கையில் இருக்கிறது.

மாநில அரசு அலுவலகங்களை அந்த மத்திய உத்தரவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் கரண்ட் மீட்டருக்கு மத்திய அரசு, மாநில அரசு என்ற பேதம் தெரியுமா?

310 ரூபாய் பல்பு 38 ரூபாய் ஆன கதை

அரசு மொத்தமாகக் கேட்டால் விலையும் இறங்கும். 2014-ல் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது ஒரு பல்பு விலை 310 ரூபாய். லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஆர்டர் போனது. மூன்று ஆண்டுக்குள் அதன் கொள்முதல் விலை 38 ரூபாய்! அதனால்தான் இன்று பெட்டிக்கடையிலும் எல்.இ.டி. தொங்குகிறது.

கடைக்காரர்களுக்கும் இதே கணக்குதான். 2023 ஜனவரி 1 முதல் மின்விசிறிக்கு ஸ்டார் ஸ்டிக்கர் கட்டாயம். ஸ்டிக்கர் இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒரு ஸ்டார் மின்விசிறியிலும் ஸ்டிக்கர் இருக்கும்! ஸ்டாரை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த முறை அரசு அலுவலகத்தில் காத்திருக்கும்போது சும்மா இருக்க வேண்டாம். அண்ணாந்து பாருங்கள். "இது எத்தனை ஸ்டார் சார்?" என்று கேளுங்கள். பில் கட்டுகிறவர் கேட்கக்கூடாதா என்ன?