காரியஸ்தர் எழுதியதும் கவர்னர் மனைவி எழுதியதும்

வேல்ஸ் நாட்டுப் பெருநிலக்கிழார்களின் கடிதக் கட்டுகளில் குடும்பத்தையும் பண்ணையையும் பிரித்தெடுக்க முடியாது. மகளின் கல்யாணப் பேச்சு, மைத்துனர் வாங்கிய கடன், குத்தகை பாக்கி, வெட்டி விற்கவேண்டிய ஓக் மரம் எல்லாம் அடுத்தடுத்து வரும். பிரபுக்கள் பலர் லண்டனில் தங்கிவிட, ஊரில் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் காரியஸ்தர். வழக்கமாக மார்ச் 25, செப்டம்பர் 29 ஆகிய இரு தவணைகளில் குத்தகை வசூலித்து, எஜமானுக்கு எழுதுவார். குடியானவர் பேசியது வேல்ஷ் மொழி. கடிதம் போனது ஆங்கிலத்தில். ஒழுகும் கூரையைப் பற்றிய முறையீடும் காரியஸ்தரின் எழுத்து வழியாகத்தான் எஜமானை எட்டியது. இந்தக் கடிதங்களைப் படிப்பவர் மறக்கக்கூடாத விஷயம் இது.

1840 வரை தபால் கூலி தாள்களின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு முத்திரை வைத்தார்கள். தாள் நிரம்பிவிட்டால் அதைத் திருப்பிப் பிடித்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்காகவே மேலும் எழுதினார்கள். அப்படிப்பட்ட பக்கம் பார்வைக்குக் கோரைப்பாய்ப் பின்னல்தான். பிரபுக்களுக்கும் எம்.பி.க்களுக்கும் தபால் இலவசம். அந்தச் சலுகையில் தங்கள் கடிதத்தையும் அனுப்பிவிட உறவினர்கள் அவர்களைச் சுற்றிவந்தார்கள்.

இப்படிப்பட்ட வேல்ஸ் குடும்பங்களில் திருச்சியோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் உண்டு: போவிஸ் கோட்டையின் ஹெர்பர்ட் குடும்பம். அதில் பிறந்த ஹென்ரியெட்டா, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டை மணந்தவர். எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டான 1800-இல், மார்ச் மாதம் ஹென்ரியெட்டா இரு மகள்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று சுற்றி ஏழு மாதம் கழித்துத் திரும்பினார். கூடவே யானை, ஒட்டகம், மாட்டுவண்டி, நூற்றுக்கணக்கான ஆட்கள். இன்று காட்டூர், திருவெறும்பூர் வழியாகப் பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் திருச்சி–தஞ்சைப் பயணம் அந்தப் பரிவாரத்துக்கு எவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கும்! இளைய மகள், 12 வயது சார்லட், நாட்குறிப்பு எழுதினார். தாய் கணவருக்கும் அண்ணனுக்கும் கடிதம் எழுதினார்.

அந்த அண்ணன்தான் போவிஸின் அன்றைய பிரபு. கல்யாணமாகாதவர், கடனில் மூழ்கியவர். சென்னையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பலுக்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும்; கேட்ட கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம். கப்பல் மூழ்கினால் கடிதமும் போயிற்று என்பதால், ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து வேறு கப்பலிலும் அனுப்புவார்கள். 1801 ஜனவரியில் அண்ணன் இறந்தபோது தங்கை இந்தியாவில்தான் இருந்தார். சொத்து தங்கையின் மகனுக்குப் போனது. அதற்காக அந்த மகன் 1807-இல் கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார்.

காவிரிக்கரையைப் பார்த்த சிறுமிகளில் சார்லட் பிற்காலத்தில் இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியை ஆனார். மூத்தவர் 1817-இல் வின்ஸ்டே பண்ணையின் சர் வாட்கின் வில்லியம்ஸ்-வின்னை மணந்தார். வேல்ஸிலேயே பெரிய பண்ணை அது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் 1,40,000 ஏக்கருக்கு மேல். 1858-இல் வின்ஸ்டே மாளிகை தீப்பிடித்து நூலகம் சாம்பலானது. தப்பிய குத்தகைப் பத்திரங்கள், வரவுசெலவுப் பேரேடுகள், கடிதங்கள் அடங்கிய பெருந்தொகுதி இப்போது அபரிஸ்ட்வித் நகரில், 1907-இல் தொடங்கப்பட்ட வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. போவிஸ் கோட்டையின் ஆவணங்களும் அங்கேதான்.