பழைய பிக்கப் வாங்கலாமா? பெயின்டைப் பார்க்காதீர்கள், சேஸிஸைப் பாருங்கள்!

இரண்டு, மூன்று ஏக்கரில் காய்கறி போடும் விவசாயிக்குப் புது பிக்கப் என்பது பெரிய முதலீடு. தக்காளி விலை விழுந்தாலும் மாதத் தவணை விழாது. சரி, வாடகை வண்டியை நம்பலாம் என்றால், பறிப்பு நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி தேவைப்படுகிறது. கூப்பிட்ட நேரத்துக்கு வராமல், மார்க்கெட்டில் ஏலம் முடிந்த பிறகு சரக்கு போய் இறங்கினால் நஷ்டம் யாருக்கு?

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழைய பிக்கப் கண்ணில் படுகிறது. "ஒரே கை வண்டி, ஷெட்டுலயே நின்னது, பாடியில ஒரு பொட்டுத் துரு கிடையாது" என்று புரோக்கர் சொல்லும்போது மனசு ஆடத்தான் செய்யும். அப்படிப்பட்ட வண்டிகள் உண்மையிலேயே இருக்கின்றன. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகியும் ஒரே குடும்பத்தின் பராமரிப்பில் நன்றாக ஓடுபவை அவை. ஆனால், அதே வார்த்தையைச் சொல்லி விற்கப்படும் பட்டி பூசிய துருப்பிடித்த வண்டிகளும் இருக்கின்றன. நகையை அடகு வைத்து வாங்கும் குடும்பத்துக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இன்ஜின் போனால் வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆவணம் போனாலும், சேஸிஸ் போனாலும் வண்டியே போனதுபோலத்தான்.

இந்த வண்டிகள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது வில்லிஸ் ஜீப். நாடு சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டி, மஹிந்திரா நிறுவனம் அதை மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கியது. 1980-களில் பிரான்ஸ் நாட்டு பியூஜோ நிறுவனத்தின் உரிமத்தோடு செய்த 2,112 சிசி டீசல் இன்ஜின் இந்த ஜீப்புகளிலும், அவற்றை ஒட்டி வந்த பிக்கப்களிலும் இடம்பிடித்தது. போடியில் இருந்தும் கம்பத்தில் இருந்தும் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டிகளின் உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டாடா நிறுவனம் 1988-ல் 'டாடாமொபைல் 206' பிக்கப்பைக் கொண்டுவந்தது. 1,948 சிசி டீசல் இன்ஜின். 1991-ல் வந்த டாடா சியரா கார், இந்த பிக்கப்பின் அடித்தளத்தில் உருவானதுதான். 206-க்குப் பிறகு வந்த 207, கிராமத்துச் சாலைகளில் நன்றாகப் பழகிய வண்டி.

இவற்றுக்குப் பொதுவான குணங்கள் சில உண்டு. ஏணி மாதிரியான கனத்த சேஸிஸ். பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை. கம்ப்யூட்டரோ சென்சாரோ இல்லாமல், பம்ப் மூலம் டீசல் அனுப்பும் எளிய இன்ஜின். கோளாறு என்றால் லேப்டாப் வேண்டாம். ஸ்பேனரும் அனுபவமும் உள்ள உள்ளூர் மெக்கானிக் போதும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரி பாகங்களும் தேடினால் கிடைக்கின்றன.

முதலில் காகிதம்

வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி. புக்கைக் கையில் வாங்க வேண்டும். மத்திய அரசின் 'எம்-பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி பதிவாகி இருக்கிறதா என்பன தெரியும். ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், அதை நீக்கிய பிறகுதான் முழுப் பணம்.

மஞ்சள் போர்டு சரக்கு வண்டி எட்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. காட்ட வேண்டும். வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு 15 ஆண்டுகள் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வயது கூடக் கூட இந்தக் கட்டணங்களும் கூடும். போதாததற்குப் பசுமை வரியும் உண்டு. இப்போதைய தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேரம் பேசுவது நல்லது. வருடக்கணக்கில் எஃப்.சி. காட்டாமல், வரி கட்டாமல் நின்ற வண்டி என்றால், அந்தப் பாக்கி கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும்.

ஆர்.சி.யில் 'பாடி வகை' என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி பிக்கப் ஆக்கிய வண்டிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. ஆர்.சி.யில் ஜீப், கண் முன்னால் பிக்கப் என்றால் எஃப்.சி.யிலும் சிக்கல், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். தயாரித்த நிறுவனத்தின் வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். அது ஆர்.சி.யோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். எண் இருக்கும் இடத்தில் வெல்டிங்கோ, தேய்த்த தடமோ இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து அவசியம். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், பழைய உரிமையாளர் இறந்துபோன பிறகு வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சாக்கு விரித்துப் படுத்துப் பாருங்கள்

புது பெயின்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியைவிட, பழைய பெயின்ட் மங்கிப்போய் நிற்கும் வண்டியே மேல். பழைய பெயின்ட் எதையும் மறைக்காது. சிறிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

அடுத்து, வண்டிக்கு அடியில் போக வேண்டும். ஸ்பிரிங் பட்டை சேஸிஸோடு சேரும் இடங்கள், பின் பாடியின் குறுக்குச் சட்டங்கள், டிரைவர் கால் வைக்கும் தகடு ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று சத்தம் கொடுக்கும். மொத்தமான சத்தம் வந்தாலோ, அடுக்கடுக்காகப் பொரிந்து உதிர்ந்தாலோ உள்ளே இரும்பு செத்துவிட்டது. மேலோட்டமான செந்துரு பரவாயில்லை, தேய்த்து பெயின்ட் அடித்தால் நிற்கும். சேஸிஸில் விரிசல், துண்டு வைத்து ஒட்டிய வெல்டிங், வளைவு இவை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வண்டி முன்பு என்ன ஏற்றியது என்று கேட்பதும் முக்கியம். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பைத் தின்னும். கோழி எருவும் அப்படித்தான். இவற்றை ஏற்றிவிட்டுக் கழுவாமல் விட்ட வண்டியைவிட, தேங்காயும் வைக்கோலும் ஏற்றிய வண்டி அதிக நாள் உழைக்கும்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் போவது நல்லது. பானட்டைத் தொட்டால் சூடாக இருந்தால், ஏற்கெனவே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் செல்ஃபில் எப்படிப் பிடிக்கிறது என்பதில் பாதிக் கதை தெரிந்துவிடும்.

நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. கறுப்புப் புகை என்றால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். இது சரிசெய்யக்கூடிய செலவு. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். ஆயில் குச்சியில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாதி பாரமாவது ஏற்றச் சொல்லுங்கள். மேட்டில் இரண்டாவது கியர் நழுவுகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டீயரிங் எவ்வளவு சும்மா சுற்றுகிறது, பின் ஆக்ஸிலில் ஊளைச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3419 என்றால் 2019-ம் ஆண்டின் 34-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயர் பாரத்தில் வெடிக்கும்.

நடைக் கணக்கு போடுங்கள்

கேட்கும் விலை முழு விலை அல்ல. டயர், பேட்டரி, பிரேக், கிளட்ச், காகிதச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை. பிறகு நடைக் கணக்கு. இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி, பழுது எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 நடை என்றால், டீசல் போடும் முன்பே ஒரு நடைக்கு 1,000 ரூபாய். வாடகை வண்டி இதைவிட மலிவு என்றால் வாங்க வேண்டியதில்லை. அதுவே வாரம் மூன்று நடை மார்க்கெட்டுக்குப் போகும் குடும்பம் என்றால், ஒரு நடைக்கு 260 ரூபாய் அளவில் இறங்கிவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் சரக்கையும் சேர்த்து ஏற்றுவதாக இருந்தாலும், வாடகை வாங்கினால் மஞ்சள் போர்டு அவசியம்.

வாங்கிய பிறகுதான் சுகமே

நல்ல பழைய வண்டிக்குக் கேட்பது குறைவு. உரம், எரு ஏற்றிய அன்றே பின் பாடியைக் கழுவிக் காயவிட வேண்டும். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது. அதன் உப்பு உள்ளே படிந்து அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவதே சரி. கிரீஸ் நிப்பிள்களை மறக்காமல் பார்த்து, டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேலை இல்லாத மாதத்திலும் வாரம் ஒருமுறை நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டினால் பேட்டரி சாகாது, எலியும் கூடு கட்டாது.

வயதான மாட்டை எப்படி ஓட்டுவோமோ அப்படித்தான் இதையும் ஓட்ட வேண்டும். வேகம் வேண்டாம், அதிக பாரம் வேண்டாம், முன் வண்டிக்கு நல்ல இடைவெளி வேண்டும். இந்தக் கால வண்டியின் பிரேக்கும் பாதுகாப்பும் இதில் கிடையாது. அப்படி நிதானமாக ஓட்டுபவருக்கு, விடியற்காலை மார்க்கெட் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றிப் போவதில் தனி சுகம் இருக்கிறது. டீக்கடையில் நிறுத்தினால், "எங்கப்பாகிட்ட இதே வண்டி இருந்துச்சு" என்று யாராவது வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. களை எடுக்க, பறிக்க வரும் பெண்களைப் பின் பாடியில் ஏற்றக் கூடாது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ போனால் இன்சூரன்ஸ் உண்டு. சும்மா ஏறி வருபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வண்டி கவிழ்ந்தால் போன உயிர் திரும்பாது. இழப்பீட்டுக்கு நிலமும் போகலாம்.

வாசகர் கேள்விகள்

*15 வருடம் ஆனால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டுமாமே?*

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததால் பரவிய பயம் இது. தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு அப்படி வயது வரம்பு இல்லை. எஃப்.சி.யில் தேற வேண்டும், அவ்வளவுதான்.

*அரசுத் துறை ஜீப் ஏலத்தில் வந்தால் எடுக்கலாமா?*

ஓட்டுவதற்காக எடுக்காதீர்கள். 15 ஆண்டுகள் முடிந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க 1.4.2023 முதல் வழியில்லை. அவை உடைப்பதற்கு மட்டுமே.

*தாத்தா காலத்து பிக்கப்பை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாமா?*

50 ஆண்டுகள் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருந்தால் 2021 விதிப்படி 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால், அந்த எண் போட்ட வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தக் கூடாது. தக்காளி ஏற்ற வேண்டும் என்றால் அது ஒத்துவராது.

*கார் லைசென்ஸ் போதுமா?*

மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸில் ஓட்டலாம். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் இதை உறுதி செய்திருக்கிறது.

வண்டி பார்க்கப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை

டார்ச் லைட், சிறிய காந்தம், ஸ்க்ரூடிரைவர், கீழே விரிக்கப் பழைய சாக்கு, வெள்ளைத்தாள், பென்சில். கூடவே, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக். முன்பணத்தை முதல் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.