யாருடைய குடும்பத்திலிருந்து வந்தது?

ஒரு குழந்தைக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறியவுடன் வீட்டில் எழும் முதற்கேள்வி, "இது தாய்வழியா, தந்தைவழியா?" என்பதே. பெரும்பாலும் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. அக்கேள்விக்கு எளிய விடை இல்லை என்பதைச் சீன மக்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

முதல் வகை நீரிழிவு இனிப்பு உண்பதால் வருவதன்று. நோய்க்கிருமிகளோடு போரிட வேண்டிய வெள்ளணுக்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகின்றன. தன்னுடையது எது, அந்நியமானது எது என்று வெள்ளணுக்களுக்கு உணர்த்தும் அடையாளப் பொருட்களை எச்.எல்.ஏ. என்பர். இவற்றுள் முதலாவதை 1958-இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தொசே 1980-இல் நோபெல் பரிசு பெற்றார். இவற்றுக்குரிய மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் உள்ளன. ஒரு தொகுதி தாயிடமிருந்தும் மறு தொகுதி தந்தையிடமிருந்தும் வருகின்றன.

ஐரோப்பியரிடம் டி.ஆர்.3, டி.ஆர்.4 ஆகியவை இந்நோய்க்கு இடமளிக்கின்றன. சீனரிடமோ டி.ஆர்.3-உடன் டி.ஆர்.9 முன்னிற்கிறது. டி.ஆர்.4-இன் செய்தி இன்னும் வியப்பானது. அதன் உட்பிரிவுகளுள் 0405 ஆபத்தைக் கூட்டுகிறது. சீனரிடம் காணப்படும் 0406 காவலாக நிற்கிறது. பெயரளவில் இரண்டும் ஒன்றே!

1987-இல் ஆய்வாளர் ஒரு விதி கூறினர்: டி.கியூ. புரதத்தின் 57-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருப்பின் நோய் அணுகுவது அரிது. டி.ஆர்.9-உடன் இணைந்து வரும் டி.கியூ. புரதத்தில் அவ்வமிலம் உண்டு, காவல்தான் இல்லை. ஓரினத்தாரை அளந்த கோலால் உலகையே அளக்கப் புகுந்ததன் விளைவு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சீனாவில் இந்நோய் மிக அரிது. 2010 முதல் 2013 வரை நடந்த கணக்கெடுப்பின்படி, ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இது புதிதாக வந்தது. ஆயினும் மக்கட்தொகையால் அது ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேலாகிறது. அவர்களுள் பெரும்பாலோர் பதினைந்து வயதைக் கடந்தவர்கள்.

தாய் தந்தையரின் பங்கு எவ்வளவு? ஒரே கருவில் பிரிந்த, மரபணுக்கள் யாவும் ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தும் மற்றவர் நலமாயிருப்பதைப் பலமுறை கண்டுள்ளனர். டி.ஆர்.9 உடைய சீனர் கோடிக்கணக்கானோர். அவர்களுள் நோயுறுவோர் மிகச் சிலரே. ஆதலின் அடையாளம் வேறு, நோய் வேறு. தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமின்றி மெலிதல் ஆகியவை பிள்ளையிடம் தோன்றினால் அன்றே இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடியது.